12 ஸ்வர வரிசையில ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுறதுன்னா உண்மையில என்னதான் பண்றாங்க?

"12 ஸ்வரத்தையும் ஒரு வரிசையில அடுக்கிட்டா மீதி எல்லாம் கணக்கு போட்டா தானா வந்துடுமே, அப்புறம் கம்போசருக்கு என்ன வேலை? அதுவும் இல்லாம நான் எத்தனை தடவ கேட்டாலும் அந்த வரிசை காதுல விழவே மாட்டேங்குது"ன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டாவது விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம், காதுல விழலன்னா கவலையே படாதீங்க, அது விழணும்னு இந்த முறையை ஆரம்பிச்சு வச்ச வியன்னா கம்போசர் ஷோன்பெர்க்கே எதிர்பார்க்கல. 1932ல அவரோட மச்சினன் ருடால்ஃப் கோலிஷ், பெரிய வயலின்காரர், ஷோன்பெர்க்கோட மூணாவது குவார்டெட்ல (நாலு தந்தி வாத்தியத்துக்கான படைப்பு) வரிசை எங்கெங்க வருதுன்னு உக்காந்து கண்டுபிடிச்சு எழுதி அனுப்பியிருக்காரு, அதுக்கு இவரு பதில் போடுறப்போ ரொம்ப கஷ்டப்பட்டிருப்பீங்க, ஆனா இதனால பெரிய பிரயோஜனம் இல்ல, இது எப்படி செஞ்சிருக்குன்னு தெரியும், என்ன செஞ்சிருக்குன்னு தெரியாதுங்கிற மாதிரி சொல்லிட்டாரு. பாவம் கோலிஷ்.

முதல் கேள்விதான் சரியான கேள்வி. அதுக்கு என் பதில், வரிசை முடிவு பண்ற விஷயம் ரொம்ப கம்மி, அது முடிவு பண்ணாம விடுற விஷயம்தான் பாட்டு. ஆர்கெஸ்ட்ராவுல இது பளிச்சுன்னு தெரியும், பியானோவுல அவ்வளவு தெரியாது.

முதல்ல அடிப்படை. கீபோர்டுல ஒரு ஸ்தாயிக்குள்ள வெள்ளை கருப்பு எல்லாம் சேத்து 12 கட்டை இருக்கு இல்லியா, அந்த 12ஐயும் ஒரு தடவ ஒரு தடவன்னு ஏதோ ஒரு ஆர்டர்ல அடுக்கிக்கிறாங்க, அதுதான் வரிசை. எத்தனை விதமா அடுக்கலாம்னா 47,90,01,600 விதம், அதுல ஒண்ணை எடுத்துக்கிட்டு முழு படைப்பையும் அதுலேர்ந்து கட்டணும். அதை அப்படியே வாசிக்கலாம், பின்னாலேர்ந்து முன்னால வாசிக்கலாம், ஏறுற இடத்துல இறங்கி இறங்குற இடத்துல ஏறி தலைகீழா வாசிக்கலாம், அந்த தலைகீழையும் பின்னாலேர்ந்து வாசிக்கலாம், ஆக நாலு, ஒவ்வொண்ணையும் 12 சுருதியில எங்க வேணா ஆரம்பிக்கலாம், மொத்தம் 48. இவ்வளவுதான் சட்டம். எந்த ஸ்தாயியில வரணும், எவ்வளவு நேரம் நிக்கணும், ஒண்ணு பின்னால ஒண்ணா வரணுமா இல்ல நாலஞ்சு சேந்து ஒரே கார்டா விழணுமா, ஃப்ளூட் வாசிக்கணுமா டிராம்போன் வாசிக்கணுமா, சத்தமாவா மெதுவாவா, இது எதையும் வரிசை சொல்லாது. நம்ம ராகம் கூட இதைவிட நிறைய சொல்லும், எந்த ஸ்வரத்துல நிக்கணும், எதை அசைக்கணும், எப்படி பிடிக்கணும்னு. வரிசை வாயே திறக்காது.

சரி, இது ஏன் தேவைப்பட்டுச்சு? ஷோன்பெர்க் 1908, 1909 வாக்குல ஆதார சுருதி மாதிரி எல்லாமே ஒரு மையத்துக்கு திரும்பி வர்ற மேஜர் மைனர் முறையை விட்டுட்டு எழுத ஆரம்பிச்சிட்டாரு. நல்லாத்தான் வந்துச்சு, ஆனா எல்லாம் குட்டி குட்டியா வந்துச்சு, இல்லன்னா ஒரு கவிதையோ நாடகமோ கையைப் பிடிச்சு கூட்டிட்டு போகணும். 20 நிமிஷத்துக்கு வெறும் வாத்தியத்தை வச்சு ஒரு கட்டடம் எழுப்ப முடியல, ஏன்னா பழைய முறையில "வீட்டை விட்டு கிளம்பி வீட்டுக்கே திரும்புற" உணர்வுதான் பெரிய வடிவத்தை தாங்கிட்டு இருந்துச்சு, அது போயிடுச்சு. அந்த ஓட்டைக்கு அடைப்பாத்தான் 1921லேர்ந்து 1923க்குள்ள இந்த முறை உருவாச்சு. (வியன்னாவுலயே யோசெஃப் மத்தியாஸ் ஹவர்னு ஒருத்தர் 1919லயே 12 ஸ்வரத்தை வச்சு தனியா ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தாரு, யாரு முதல்லன்னு ரெண்டு பேருக்கும் உரசல், அது வேற கதை.)

ஆர்கெஸ்ட்ராவுக்கு ஷோன்பெர்க் இந்த முறையில எழுதின முதல் படைப்பு ஓபஸ் 31 வேரியேஷன்ஸ் (ஓபஸ்னா படைப்போட எண், வேரியேஷன்ஸ்னா ஒரே மெட்டை விதவிதமா மாத்தி வாசிக்கிறது), 1926ல ஆரம்பிச்சு 1928ல முடிச்சாரு. கொஞ்சம் கிட்ட போய் பாப்போம், ஏன்னா உங்க கேள்விக்கு பதில் முழுக்க இதுலயே இருக்கு. வரிசை இது (ஏலேர்ந்து ஜி வரைக்கும் மேற்கத்திய ஸ்வரப் பேரு, ஷார்ப்னா அரை ஸ்வரம் மேல, ஃப்ளாட்னா அரை ஸ்வரம் கீழ): பி ஃப்ளாட், ஈ, எஃப் ஷார்ப், ஈ ஃப்ளாட், எஃப், ஏ, டி, சி ஷார்ப், ஜி, ஜி ஷார்ப், பி, சி. அறிமுகம் முடிஞ்சதும் செல்லோ தீம், அதாவது மூல மெட்டை எடுக்குது, முதல் வாக்கியத்துல இந்த 12ஐயும் 5, 4, 3ன்னு மூணு துண்டா உடைச்சு பாடுது, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவுல மூச்சு விட இடம் இருக்கு. அடுத்த வாக்கியம் தலைகீழைப் பின்னாலேர்ந்து, மூணாவது வரிசையை பின்னாலேர்ந்து, நாலாவது வாக்கியத்துல தலைகீழ் வடிவம் வயலினுக்குப் போயிடும், செல்லோ அடியில நின்னு பழைய வரிசையையே துணைக்கு பாடும்.

இப்ப அந்த தலைகீழ் வடிவத்தை ஜியில ஆரம்பிச்சு பேப்பர்ல எழுதிப் பாருங்க, ஜி, சி ஷார்ப், பி, டி, சி, ஜி ஷார்ப்னு முதல் ஆறு வரும். அசல் வரிசையோட முதல் ஆறு பி ஃப்ளாட், ஈ, எஃப் ஷார்ப், ஈ ஃப்ளாட், எஃப், ஏ. ரெண்டு ஆறையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒரு ஸ்வரம் கூட ரெண்டுலயும் பொதுவா இல்ல, சேத்தா சரியா 12. அதாவது மேல ஒரு வடிவம் கீழ ஒரு வடிவம்னு ஒரே நேரத்துல ஓடவிட்டாலும் ரெண்டும் ஒரே ஸ்வரத்துல மோதிக்காது, எந்த ஸ்வரமும் டபுளாகி "நான்தான் இங்க மையம்"னு தலை தூக்காது. 47 கோடி விதத்துல ஷோன்பெர்க் குருட்டாம்போக்குல ஒண்ணை உருவலங்க, பின்னாடி என்னென்ன பண்ணனும்னு மனசுல வச்சுக்கிட்டு அதுக்கேத்த மாதிரி வரிசையை செதுக்கியிருக்காரு. வரிசையை தேர்ந்தெடுக்கிறதே பாதி கம்போசிங்.

மீதி பாதிதான் ஆர்கெஸ்ட்ரா. பெரிய கூட்டம் அது, மாண்டலின், செலெஸ்டா, ஹார்ப், சைலோஃபோன், ஃப்ளெக்ஸடோன்னு வினோதமான ஒரு வாத்தியம் வரைக்கும் இருக்கு. ஒரே சமயத்துல ஏழெட்டு குரல் ஓடுது, எதுக்கும் ஆதார சுருதி கிடையாது, அப்போ கேக்குறவன் எதைப் பிடிச்சுக்கிட்டு போவான்? ஷோன்பெர்க் ஸ்கோர்லயே முக்கியமான குரல் எது, ரெண்டாவது முக்கியம் எதுன்னு தனியா குறி போட்டு வச்சிருக்காரு, கண்டக்டருக்கு ஆர்டர் மாதிரி, இதை முன்னால கொண்டுவா, மத்ததை அமுக்கு. ஒரு வேரியேஷன்ல முழுக் கூட்டமும் இடிக்கும், அடுத்ததுல நாலஞ்சு பேர் மட்டும் ரகசியம் பேசுற மாதிரி வாசிப்பாங்க. கண்டக்டர் கராயன் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட இதை ரெக்கார்ட் பண்ணப்போ வேரியேஷனுக்கு வேரியேஷன் வாசிக்கிறவங்க உக்கார்ற இடத்தையே மாத்தினாராம், கச்சேரி மேடையில அது முடியாதுங்கிறதால. கொஞ்சம் ஓவர்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கென்னமோ அவருக்கு பிரச்சினை எங்க இருக்குன்னு சரியா புரிஞ்சிருக்குன்னு தோணும்.

இன்னொண்ணு, நடுநடுவுல டிராம்போன்ல பழைய ஜெர்மன் மேதை பாஹோட பேர் வரும். ஜெர்மன்காரங்க பி ஃப்ளாட்டை "பி"ன்னும் பியை "ஹெச்"னும் சொல்றதால பி, ஏ, சி, ஹெச்னு நாலு ஸ்வரத்துல பாஹ்னு எழுதிடலாம், பாஹே பண்ணின வேலைதான் அது. அறிமுகத்துல மெதுவா வரும், கடைசி பகுதியில அதுதான் ராஜா. புதுசா எதையோ உடைச்சிட்டதா ஊரே கத்திக்கிட்டு இருக்கப்போ இவரு "நான் பாஹ் வீட்டுப் பிள்ளை"ன்னு கையெழுத்து போடுறாரு. ஊரு நிஜமாவே கத்துச்சு, 1928 டிசம்பர் 2ல கண்டக்டர் ஃபுர்ட்வாங்க்லர் இதை பெர்லின்ல முதல்முதலா நடத்தினப்போ சீழ்க்கையும் கூச்சலும்தான். அஞ்சே வருஷத்துல நாஜிகள் வந்தாங்க, யூதர்னு அவரை பெர்லின் அகாடமி வேலையிலேர்ந்து தூக்கினாங்க, அமெரிக்கா போயிட்டாரு.

அவரோட சிஷ்யர் ஆல்பன் பெர்க் இதே சட்டத்தை வச்சு கிட்டத்தட்ட எதிர் திசையில போனாரு. 1935ல எழுதின வயலின் கான்செர்ட்டோ, அதாவது ஒரு வயலின்காரர் முன்னால நின்னு ஆர்கெஸ்ட்ராவோட வாசிக்கிற படைப்பு. வரிசை: ஜி, பி ஃப்ளாட், டி, எஃப் ஷார்ப், ஏ, சி, ஈ, ஜி ஷார்ப், பி, சி ஷார்ப், ஈ ஃப்ளாட், எஃப். முதல் மூணை சேத்து அடிங்க, ஜி மைனர். டிலேர்ந்து மூணு, டி மேஜர். அப்புறம் ஏ மைனர், ஈ மேஜர். ஷோன்பெர்க் எதையெல்லாம் துரத்தினாரோ அதையெல்லாம் இவரு வரிசைக்குள்ளயே ஒளிச்சு வச்சு கூட்டிட்டு வந்துட்டாரு. ஒத்தைப்படை இடத்துல இருக்கிற முதல் நாலு ஸ்வரத்தை மட்டும் பாருங்க, ஜி, டி, ஏ, ஈ, அது வயலினோட நாலு தந்தி! அதனாலதான் கான்செர்ட்டோ ஆரம்பத்துல வயலின்காரர் சுருதி சேக்குற மாதிரி வெறும் தந்தியில வில்லை இழுத்துக்கிட்டு உள்ள வர்றாரு. வரிசையோட கடைசி நாலு, பி, சி ஷார்ப், ஈ ஃப்ளாட், எஃப், ஒரே சீரா முழு ஸ்வர இடைவெளியில ஏறுது, பாஹோட "போதும்"னு பொருள் வர்ற ஒரு கோரால், அதாவது சர்ச்சுல பாடுற பாட்டு, சரியா அதே ஏத்தத்துலதான் ஆரம்பிக்குது. அந்த கோராலை ரெண்டாவது பாகத்துல கிளாரினெட்டுங்க ஆர்கன் மாதிரி சேந்து வாசிக்கிறப்போ, ஏதோ வெளியேர்ந்து கொண்டுவந்து ஒட்டினதாவே தெரியாது, ஏன்னா அது முதல் நிமிஷத்துலேர்ந்து வரிசையோட வாலுல உக்காந்திருக்கு.

யாருக்காக எழுதினதுன்னா பெர்க்கோட தோழி ஆல்மா மாலரோட பொண்ணு மனோன் க்ரோபியஸ், போலியோவுல 18 வயசுல 1935 ஏப்ரல்ல செத்துப் போனா. லூயி கிராஸ்னர்ங்கிற வயலினிஸ்ட் ஏற்கெனவே ஒரு கான்செர்ட்டோ கேட்டு காசு குடுத்து காத்துக்கிட்டு இருந்தாரு, பெர்க் வழக்கமா ஆமை வேகம், இந்த சாவுக்கு அப்புறம் அந்த கோடையிலயே எழுதி முடிச்சிட்டாரு. அவரும் அதே வருஷம் டிசம்பர் 24ல போயிட்டாரு, இதை அவரு கேக்கவே இல்ல. கணக்கு பாட்டுன்னா உணர்ச்சி வராதுன்னு யாராவது சொன்னா நான் வாயால பதில் சொல்றதில்ல, இதை அனுப்பி விட்டுடுவேன்.

மூணாவது ஆள் வெபர்ன், இன்னொரு சிஷ்யர், இவருதான் கஷ்டம், எனக்கும் ரொம்ப நாள் பிடிபடல. 1928ல எழுதின ஓபஸ் 21 சிம்ஃபொனி, மொத்தமே 10 நிமிஷம் பக்கம்தான், கிளாரினெட், பேஸ் கிளாரினெட், ரெண்டு ஹார்ன், ஹார்ப், டபுள் பேஸ் இல்லாத ஸ்ட்ரிங்ஸ், அவ்வளவுதான் கூட்டம். வரிசை ஏ, எஃப் ஷார்ப், ஜி, ஏ ஃப்ளாட், ஈ, எஃப், அப்புறம் பி, பி ஃப்ளாட், டி, சி ஷார்ப், சி, ஈ ஃப்ளாட். ரெண்டாவது பாதியை பின்னாலேர்ந்து படிச்சீங்கன்னா முதல் பாதிதான், ஆறு அரை ஸ்வரம் தள்ளி. அதனால 48 வடிவம்னு பேரு, நிஜத்துல பாதிதான், மீதி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போயிடும். அதுக்கேத்த மாதிரி ரெண்டாவது மூவ்மென்ட்லயும் பாதிக்கு மேல போனா திரும்பி வர்ற அமைப்பு நிறைய.

ஆனா கேக்குறவனுக்கு இந்த கண்ணாடி வேலை முக்கியமில்ல. ஆரம்பத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க, ஹார்ன் நாலு ஸ்வரம் வாசிக்குது, விட்ட இடத்துலேர்ந்து கிளாரினெட் அடுத்த நாலு, அப்புறம் செல்லோ கடைசி நாலு, ஒரே வரிசை மூணு கை மாறுது. அதுக்கு பதில் குரலா இன்னொரு ஹார்ன் தலைகீழ் வடிவத்தை எடுத்து பேஸ் கிளாரினெட்டுக்கு குடுத்து அது வியோலாவுக்கு குடுக்குது. இந்த மாதிரி ரெண்டு ஜோடி ஒரே நேரத்துல ஓடுது. அதுமட்டுமில்ல, இந்த முதல் பகுதியில ஒவ்வொரு ஸ்வரமும் கிட்டத்தட்ட ஒரே ஒரு ஸ்தாயியில ஆணி அடிச்ச மாதிரி நிக்குது, ஒரு ஏ ஸ்வரத்துக்கு மேலயும் கீழயும் சம தூரத்துல. இந்த ரெண்டு முடிவையும், அதாவது கலரு மாறுறது, ஸ்தாயி நகராம இருக்கிறது, வரிசையா சொல்லுச்சு? இல்ல, வெபர்ன் சொன்னது. அதனாலதான் அசையாம நிக்குற ஏதோ ஒண்ணை சுத்தி வெளிச்சம் மட்டும் மாறிக்கிட்டே இருக்கிற மாதிரி கேக்கும்.

இங்கதான் கதை திரும்புது. போர் முடிஞ்சுது, வெபர்னை 1945 செப்டம்பர்ல ஆஸ்திரியாவுல ஒரு அமெரிக்க சிப்பாய் சுட்டுட்டான், 1946லேர்ந்து ஜெர்மனியில டார்ம்ஷ்டாட்ல புது இசைக்கான கோடைக்கால வகுப்புகள் ஆரம்பிச்சுது, அங்க கூடின இளவட்டங்களுக்கு ஷோன்பெர்க் பழைய ஆளு, வெபர்ன்தான் வழிகாட்டி. அவங்கள்ல ஒருத்தர், பிரெஞ்சு கம்போசர் பூலெஸ், "ஷோன்பெர்க் செத்துட்டார்"னு தலைப்பு வச்சே கட்டுரை எழுதினாரு, அவரு செத்து ஒரு வருஷம் கூட ஆகல. இவங்க யோசனை என்னன்னா ஸ்வரத்துக்கு மட்டும் ஏன் வரிசை, நீளத்துக்கும் வரிசை போடு, சத்தத்துக்கும் போடு, தட்டுற விதத்துக்கும் போடு. பூலெஸோட வாத்தியார் மெசியன் 1949ல ஒரு பியானோ துண்டுல இதுக்கு விதை போட்டிருந்தாரு. அதாவது எதையெல்லாம் வரிசை சொல்லாம விட்டுச்சோ அதையும் வரிசை கிட்டயே குடுத்துட்டாங்க, உங்க கேள்வியில இருக்கிற "மீதி தானா வந்துடும்" நிஜமா நடந்த இடம் இதுதான்.

என்ன ஆச்சு? பூலெஸோட பாலிஃபோனி எக்ஸ், 18 வாத்தியத்துக்கு, 1951ல டோனாஷிங்கன்ல வாசிச்சாங்க, சபையில கலாட்டா, அப்புறம் பூலெஸே அதை வாபஸ் வாங்கிட்டாரு. 1955ல செனாகிஸ்ங்கிற இன்னொரு கம்போசர் ஒரு கட்டுரையில நேரா போட்டு உடைச்சாரு: இத்தனை கோடு தனித்தனியா குறுக்கும் நெடுக்கும் ஓடுறப்போ எந்த கோடும் யாருக்கும் கேக்காது, கேக்குறது ஒரு மொத்தையான ஸ்வரக் கூட்டம்தான், அப்போ அந்த கூட்டத்தை நேரடியா எழுதிட்டு போயேன், எதுக்கு இத்தனை கணக்கு. என்னைக் கேட்டா அந்த விவாதத்துல ஜெயிச்சது அவருதான். எல்லாமே சமமா மாறிக்கிட்டே இருந்தா காதுக்கு எதுவுமே மாறாத மாதிரி ஆயிடும்.

ஆனா அதே கூட்டத்துலேர்ந்துதான் ரெண்டு பெரிய படைப்பும் வந்துச்சு, அதை சொல்லாம விட்டா அநியாயம். ஒண்ணு லூயிஜி நோனோவோட இல் கான்டோ சொஸ்பெசோ, 1956ல கொலோன்ல அரங்கேறுச்சு, பாசிஸ்டுங்க கையில மரண தண்டனைக்கு காத்திருந்த ஐரோப்பிய போராளிகள் வீட்டுக்கு எழுதின கடைசி கடிதங்களை கோரஸும் சோலோவும் ஆர்கெஸ்ட்ராவும் பாடுது. வரிசை ஏவுல ஆரம்பிச்சு ஒரு ஸ்வரம் மேல ஒரு ஸ்வரம் கீழன்னு விசிறி மாதிரி விரியுது, இதைவிட சாதாரணமான வரிசை கிடையாது, வேணும்னே சாதாரணமா வச்சிட்டு கவனத்தை குரல் மேல வச்சிருக்காரு. (நோனோ ஷோன்பெர்க்கோட பொண்ணைத்தான் கட்டிக்கிட்டாரு.)

இன்னொண்ணு ஸ்டாக்ஹவுசனோட க்ரூப்பென். 109 பேரை மூணு ஆர்கெஸ்ட்ராவா பிரிச்சு, ஆடியன்ஸுக்கு இடது பக்கம் ஒண்ணு, முன்னால ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு உக்கார வச்சு, மூணுக்கும் தனித்தனி கண்டக்டர், 1958 மார்ச்ல கொலோன்ல முதல் தடவ ஸ்டாக்ஹவுசன், மடெர்னா, பூலெஸ் மூணு பேருமே நின்னு நடத்தினாங்க. ஸ்வரம் 12 இருக்கிற மாதிரி வேகத்துலயும் 12 படி வச்சாரு, நிமிஷத்துக்கு 60லேர்ந்து 113.5 வரைக்கும், மூணு ஆர்கெஸ்ட்ராவும் வேற வேற வேகத்துல ஓடணும், அதனாலதான் மூணு கண்டக்டர் தேவைப்பட்டுச்சு, ஷோவுக்காக இல்ல. ஆனா ஒத்தை ஒத்தை ஸ்வரமா யோசிக்கிறதை விட்டுட்டு கொத்து கொத்தா யோசிச்சாரு, பேரே அதுதான், சில கொத்துகளோட மேடு பள்ளத்தை சுவிட்சர்லாந்துல பாஸ்பெல்ஸ்ங்கிற ஊர்ல அவரு தங்கியிருந்த ரூம் ஜன்னல்ல தெரிஞ்ச மலையைப் பாத்து வரைஞ்சாராம். மலைக்கு ஏதுங்க வரிசை? அங்கயே கணக்கு ஓரமா நகந்துடுச்சு. ஒரு கட்டத்துல ஒரு பித்தளை வாத்தியக் கார்டு ஒரு மேடையிலேர்ந்து இன்னொரு மேடைக்கு தாவித் தாவி சுத்தும், அதுக்கு ஸ்வர விளக்கம் எதுவும் வேணாம், உடம்பே திரும்பும்.

ரஷ்யாவுலேர்ந்து வந்த பெரிய கம்போசர் ஸ்ட்ராவின்ஸ்கியையும் ஒரு வரியில தொட்டுடறேன். ஷோன்பெர்க்கும் அவரும் வருஷக்கணக்கா ஒரே லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்துக்கிட்டு பேச்சுவார்த்தை இல்ல, ஷோன்பெர்க் 1951ல செத்ததுக்கு அப்புறம்தான் ஸ்ட்ராவின்ஸ்கி 70 வயசு வாக்குல இந்த முறைக்குள்ள வந்தாரு, 1957ல அகான் பாலே, 1964ல முடிச்ச அஞ்சு நிமிஷ வேரியேஷன்ஸ், அதுல 12 வயலின் ஒவ்வொண்ணும் தனித்தனி லைன் வாசிக்கிற ஒரு இடம் இருக்கு, தந்தியைத் தாங்குற பிரிட்ஜ் ஓரமா வில்லை வச்சு, கேட்டா அசல் ஸ்ட்ராவின்ஸ்கி கையெழுத்து. அதே சட்டம், ஆளு மாறினா சத்தம் முழுக்க வேற.

எதுலேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னா பெர்க். வரிசையை தேடாதீங்க, முதல் தடவ வயலின் அந்த நாலு தந்தியில நுழையுறதையும் கோரால் வர்ற இடத்தையும் மட்டும் பிடிச்சுக்கோங்க. அப்புறம் ஷோன்பெர்க் ஓபஸ் 31, செல்லோ மெட்டை மட்டும் ஒரு நாலஞ்சு தடவ கேட்டு மனசுல ஏத்திக்கிட்டு மேல போங்க. வெபர்னை ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஸ்பீக்கர்ல பாதி ஸ்வரம் ஃபேன் சத்தத்துல போயிடும். க்ரூப்பெனை மட்டும் வீடியோவுல பாருங்க, எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியாம கேட்டா அதுல பாதி போச்சு. பெர்க்குக்கு பழைய ரெக்கார்டிங் ஒண்ணும் இருக்கு, 1936 மே 1ல லண்டன்ல பிபிசி ஆர்கெஸ்ட்ராவோட கிராஸ்னர் வாசிச்சது, கண்டக்டர் யாருன்னு பாத்தா வெபர்ன். பார்சிலோனாவுல நடந்த முதல் கச்சேரியை அவருதான் நடத்தியிருக்கணும், நண்பர் போன துக்கத்துல ரிகர்சலோட கழண்டுக்கிட்டாரு, பன்னெண்டு நாள் கழிச்சு லண்டன்ல செஞ்சாரு. ஒலித்தரம் மோசம், கரகரப்பு ஜாஸ்தி, அதனால முதல்ல புது ரெக்கார்டிங்ல பாட்டை தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் இதுக்கு வாங்க.